ஓர் ஆட்டத்துக்கு இரண்டு குதி

எண்பதுகளின் நடுவில் என் ஆய்வேட்டின் தலைப்பை எஸ்டேட்டில் சொன்னபோது ஒருத்தருக்கும் அது வாயில் நுழையவில்லை. வேகமும் மெதுவும் கலந்த இயக்கங்கள், காலத்தைத் திருப்பி ஓட்டினாலும் மாறாத சமச்சீர், அவற்றில் நேரும் கிளைபிரிதல்கள். எழுதிப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் மிரட்டலாகத்தான் இருக்கிறது. பினாங்கில் வாய்மொழித் தேர்வின்போது ஒரு பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இந்த விஷயம் உனக்கு முதலில் எந்தப் புத்தகத்தில் கிடைத்தது என்று கேட்டார். புத்தகத்தில் இல்லை, ஆயாக் கொட்டகையில் என்றேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிய அரை மணி நேரம் ஆனது.

அந்த அரை மணி நேரத்தில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்றைக்கும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கை பரபரக்கும், குரல் ஏறிவிடும். கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் ரப்பர் எஸ்டேட் புக்கிட் செலம்பாவ் பக்கம். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கணிதம் முடித்து நீண்ட விடுமுறைக்கு வந்திருந்தேன். அப்பா அம்மா இல்லை. எனக்கு எல்லாமே அக்காதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அத்தான் லாரி கவிழ்ந்து தவறிப்போன பிறகு அவளுக்கு ஆயா வேலை கொடுத்தார்கள். வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீடு. வேலை போனால் வீடும் போகும். அதை யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

விடிவதற்கு முன்பே பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம்தான் ஆயாக் கொட்டகை. பலகைச் சுவர், தகரக் கூரை, உத்திரத்தில் வரிசையாக ஏழு ஸ்பிரிங் தொட்டில்கள். உத்திரத்திலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் முனையில் இரும்பு ஸ்பிரிங், ஸ்பிரிங் கொக்கியில் தூளியாகக் கட்டிய சாரோங் கைலி, சாரோங்குக்குள் பிள்ளை. இந்தத் தொட்டிலை யாரும் பக்கவாட்டில் ஆட்டுவதில்லை. கீழே இழுத்து விட்டால் மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டே இருக்கும், பிள்ளை தூங்கிப்போகும். அக்கா ஒவ்வொரு தொட்டிலின் அடியிலும் ஒரு சின்னக் கயிறு கட்டி வைத்திருந்தாள். அதைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வாள். கால் ஒரு பிள்ளையைத் தூங்கவைக்கும்போது கை இன்னொரு பிள்ளைக்குப் பால் புகட்டும்.

வம்பு வந்தது கடைசித் தொட்டிலில். அது மரத்தூணுக்கு அருகில் தொங்கியது. அதில் படுத்திருந்தவன் எட்டு மாதத்துக் கொழுக்கட்டை, எஸ்டேட்டுக்கே செல்லம். ஒருநாள் தொட்டில் தூணில் லேசாக உரசி அவன் அழுதான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம், ஒரு சனிக்கிழமை, தொட்டில் சாய்ந்து போய்த் தூணில் முட்டியதில் அவன் நெற்றி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது.

அவனுடைய அம்மா பால்வெட்டு உடுப்போடு ஓடிவந்தாள். ஆயா ஆத்திரத்தில் தொட்டிலைத் தள்ளிவிட்டிருக்கிறாள் என்று கத்தினாள். அக்கா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“நான் நேராத்தான் இழுத்தேன். அது தானா சாஞ்சு போயி முட்டுச்சு.”

இதை யார் நம்புவார்கள்? அதிலும் பக்கத்து அறையிலிருந்த டிரசர், எஸ்டேட்டில் மருந்து கொடுப்பவர், சத்தம் கேட்டதும் முதலில் ஓடிவந்தவர். நல்ல மனிதர், பார்த்ததைச் சொன்னார். அவர் வாசலில் நின்று பார்த்தபோது அக்கா கையில் இன்னொரு பிள்ளையோடு தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்தாளாம், தொட்டில் ஒரு குற்றமும் அறியாததுபோல் நேராக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்ததாம். தானாகச் சாய்ந்த தொட்டில் உடனே நேராகப் போகுமா என்றார்கள், அதோடு எல்லாம் முடிந்தது. எஸ்டேட் ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, திங்கட்கிழமை பத்தரைக்குக் கொட்டகைக்கு வந்து விசாரித்துவிட்டு மேனேஜர் துரையிடம் சொல்லப்போகிறேன் என்றார். துரையிடம் போனால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் காலை அக்காவைச் சமையலறையில் பிடித்தேன். உண்மையைச் சொல், தூக்கக் கலக்கத்தில் தள்ளிவிட்டாயா, மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்கள் என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். துணி வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வருடம் கணிதம் படித்தவளிடம், நேராக இழுத்த தொட்டில் தானாகப் பக்கத்தில் ஆடியது என்று சொன்னால் எப்படி? பக்கத்தில் தள்ளும் விசை எங்கே இருக்கிறது? சரி, செய்தே காட்டுகிறேன், அப்போதாவது ஒத்துக்கொள்ளட்டும் என்று முடிவு கட்டினேன்.

துரு துடைப்பதற்காக அக்கா கொண்டுவந்திருந்த பழைய ஸ்பிரிங் ஒன்று வீட்டில் கிடந்தது. அதை உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அக்காவின் சாரோங்கை மாட்டினேன். உள்ளே போட ஒரு பாரம் வேண்டும். கைக்கு அகப்பட்டது அம்மிக்குழவி. அதைத் துணியில் சுற்றிப் படுக்கவைத்து, கீழே இழுத்து விட்டேன். நேராகக் குதித்தது. பத்து, இருபது, முப்பது குதி. கொஞ்சம்கூடச் சாயவில்லை. பார்த்தாயா அக்கா என்று வெறும் சமையலறையில் சத்தமாகவே சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பெயர் சூட்டும் நாளில் பிள்ளையைத் தொட்டிலில் போடுவதற்கு முன் குழவியைப் போடுவது எங்கள் வழக்கம். பிள்ளை குழவிபோல் உறுதியாக இருக்கவேண்டும் என்று. இங்கே புருஷனை இழந்த ஒருத்தியும் கல்யாணமாகாத ஒருத்தியும் இருக்கும் வீட்டில், தொட்டிலில் குழவி தூங்குகிறது. அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. யாருக்கு என்று மட்டும் கேட்டார். நான் கணக்குக்கு என்றேன். சாயங்காலத்துக்குள் அது லயம் முழுக்கப் போய், பினாங்குக்குப் படிக்கப்போன பெண் என்னத்தைப் படித்தாள் என்று பெரிய ஆராய்ச்சி நடந்ததாம்.

ஸ்பிரிங் போதுமான அளவு இழுபடவில்லை என்று தோன்றியது. பிள்ளையின் எடை குழவியைவிட அதிகம். அரிசியைப் பையில் அள்ளி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். ஒவ்வொரு முறையும் இழுத்து விட்டேன். ஒவ்வொரு முறையும் நேர், நேர், நேர். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, குதித்துக்கொண்டிருந்த தொட்டில் லேசாக ஒரு பக்கம் அசைந்தது. என் கை பட்டிருக்கும் என்று நினைத்துப் பின்னால் நகர்ந்தேன். அசைவு பெரிதானது. குதி குறையக் குறைய ஆட்டம் கூடியது. கொஞ்ச நேரத்தில் குதியே இல்லை. தொட்டில் சுவரிலிருந்து அடுப்புவரை வீசி ஆடிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. காற்று இல்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய அதிசயம் அதற்குப் பிறகு நடந்தது. ஆட்டம் தானாகக் குறைந்தது, குதி திரும்ப வந்தது. கண்முன்னால் அந்தத் தொட்டில் வீசி ஆடியதற்கு ஓர் அடையாளமும் இல்லாமல், நல்ல பிள்ளையாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. டிரசர் வாசலில் நின்று பார்த்தது இதைத்தான். அவரும் பொய் சொல்லவில்லை, அக்காவும் பொய் சொல்லவில்லை. நான் சமையலறையில் தனியாக நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

குழாயடிக்கு ஓடி, அக்கா, ஆடுது, தானா ஆடுது என்று மூச்சு வாங்கச் சொன்னேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஈரச் சேலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, பிழி என்றாள்.

அன்று பகல் முழுக்க நான் தரையில் கால் பாவாமல்தான் இருந்தேன். அக்காவின் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். குதியை மட்டும் எண்ணினேன், பிறகு கையால் பக்கத்தில் ஆட்டிவிட்டு ஆட்டத்தை மட்டும் எண்ணினேன். தொட்டில் சாய மறுக்கும் பாரங்களில் அந்த இரண்டு எண்ணிக்கைக்கும் ஓர் ஒட்டும் இல்லை. சாய்ந்த பாரத்தில் மட்டும், ஓர் ஆட்டத்துக்குச் சரியாக இரண்டு குதி. ஊஞ்சலில் நின்று ஆடுகிறவள், ஒரு தடவை போய் வருவதற்குள் இரண்டு தடவை முழங்காலை மடக்கி நிமிர்ந்து தன்னையே உந்திக்கொள்வாள் அல்லவா? அதே வேலையைத்தான் ஸ்பிரிங் செய்தது. ஒன்றுக்கு இரண்டு என்று தாளம் பொருந்திவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னச் சாய்வுகூடப் போதும். குதி தன்னிடம் உள்ளதையெல்லாம் ஆட்டத்துக்குக் கொடுத்துவிடும், ஆட்டம் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும்.

இந்தத் திருப்பிக் கொடுப்பதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. பால்மரத்தில் பால் சொட்டுவதைப் படம் எடுத்துப் பின்னோக்கி ஓட்டினால், கோப்பையிலிருந்து பால் எழும்பி மரத்துக்குள் போகும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். இந்தத் தொட்டிலைப் படம் எடுத்துப் பின்னோக்கி ஓட்டினால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. போன வழியிலேயே திரும்புகிறது. கொஞ்சத்தைக் காற்றும் கயிறும் தின்றுவிடும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருந்தது. குதி வேகமானது, ஒரு நொடியில் முடியும். குதி ஆட்டமாக மாறுவது மெதுவானது, பத்துப் பதினைந்து குதி பிடிக்கும். இரண்டையும்விட மெதுவான ஒன்று, யாருமே கவனிக்காதது, பிள்ளை பெருப்பது. மூன்று மாதத்தில் நேராகக் குதித்தான், ஆறு மாதத்திலும் நேராகக் குதித்தான், எட்டாம் மாதத்தில் பாரம் ஏறி ஏறி அந்த எல்லையைத் தொட்டுவிட்டான். அதுவரை ஒரே பாதையாக இருந்தது அந்த இடத்தில் கிளை பிரிந்துவிட்டது. இந்தப் பக்கம் சாயலாம், அந்தப் பக்கம் சாயலாம், நேராக மட்டும் நிற்க முடியாது. விரிவுரையில் இதைக் கரும்பலகையில் ஒரு கவட்டைக் கோடாகப் பார்த்து, தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அது அரிசிப் பையோடு என் அடுப்புக்குப் பக்கத்தில் ஆடும் என்று யார் கண்டது?

திங்கட்கிழமை பத்தரைக்குக் கொட்டகையில் பெரிய கிராணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டிரசர் நின்றார். வெட்டிய பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் பலகைச் சுவரோரம் நின்றார்கள். அந்தக் குழந்தையின் அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். அக்கா மூலையில், முகத்தில் ஈயாடவில்லை. நான் அந்தக் கடைசித் தொட்டிலில் குழவியையும் அரிசியையும் போட்டேன். டிரசரின் தராசில் பிள்ளையை நிறுத்து, அதே எடைக்கு நிறுத்துவைத்த பாரம். ஒரு விரிவுரையே நடத்தினேன். ஊஞ்சல், தாளம், ஓர் ஆட்டத்துக்கு இரண்டு குதி. இழுத்து விட்டேன்.

நேராகக் குதித்தது. எண்ணிக்கொண்டே நின்றேன். இருபது, நாற்பது. நேர். மறுபடி இழுத்தேன். நேர். சுவரோரம் ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். கிராணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏம்மா, யுனிவர்சிட்டில இதைத்தான் சொல்லிக் குடுக்கிறாங்களா? நேராத்தான் போவுது லா.”

என் காது சூடாகிவிட்டது. வீட்டில் சாய்ந்த பாரம் பிள்ளையின் எடையைவிடக் கொஞ்சம் அதிகம் என்பது எனக்குத் தெரியும். கடைத் தராசில் நிறுத்தே பார்த்திருந்தேன். கொட்டகையில் கயிறு வேறு, ஸ்பிரிங் வேறு, சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அக்காவின் வேலையை நானே கையோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தபோது கண் இருட்டியது. அக்காவைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது குழந்தையின் அம்மா பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் கொட்டகை முழுக்கக் கேட்டது.

“அந்த வெயிட்டு பத்தாது. அதுல ஒரு இரும்பு இருந்துச்சு. நான்தான் வச்சேன்.”

முதல்முறை தூணில் உரசியபோதே, கண் பட்டுவிட்டது என்று அவளுக்குப் பயம். தொட்டிலில் ஒரு பாக்குவெட்டியோ கத்தியோ வைத்தால் போதும் என்பார்கள். இந்தப் பிள்ளைக்கு அது எங்கே போதும் என்று நினைத்து, அந்தச் சனிக்கிழமை விடியற்காலை வீட்டிலிருந்து இஞ்சி இடிக்கும் இரும்பு உலக்கையைக் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் மடித்த துணிக்கடியில் செருகியிருந்தாள். அடிபட்ட பிறகு பிள்ளையின் துணிகளை அள்ளும்போதே அதையும் சேர்த்து மறைத்துக்கொண்டாள். இதை அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அவள் பக்கம்தான் ஜெயித்திருக்கும்.

ஒருத்தி ஓடிப்போய் அந்த உலக்கையை எடுத்துவந்தாள். நான் அதை அரிசிப் பைக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன். நீ இழு அக்கா என்றேன். அக்கா முன்னால் வந்து தரையில் உட்கார்ந்து, எப்போதும்போலக் கயிற்றைக் கட்டைவிரலில் மாட்டி, நேராகக் கீழே இழுத்துவிட்டு, காலை எடுத்துக்கொண்டாள்.

ஐந்து குதி, எட்டு குதி. பிறகு அந்தச் சின்ன அசைவு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாரோங் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, பெரிதானது, டக்கென்று தூணில் முட்டியது. பெண்கள் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். இந்த நேரம் பார்த்துப் பெரிய கிராணி சிகரெட் பற்றவைக்கக் குனிந்திருந்தார். அவர் நிமிர்ந்தபோது தொட்டில் நேராகக் குதித்துக்கொண்டிருந்தது. எங்கே சாய்ந்தது, நேராகத்தானே போகிறது என்றார். கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர் டிரசர்தான். அன்றைக்கு நானும் இதைத்தான் பார்த்தேன் ஐயா, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்று அவரே கிராணியின் நாற்காலியைத் தூணின் பக்கம் திருப்பிப் போட்டார். இரண்டாவது முறை கிராணி கண்ணைச் சிமிட்டவே இல்லை. தொட்டில் சாய்ந்தது, முட்டியது, திரும்பியது. அவர் விரலில் சிகரெட் தானாக எரிந்து சாம்பலாகிக்கொண்டிருந்தது.

இப்போது பாருங்கள் என்று ஒரு முக்காலி மேல் ஏறி, உத்திரத்துக் கயிற்றை ஒரு முழம் சுருக்கிக் கட்டினேன். குதிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ஆட்டம் மட்டும் வேகமாகும், ஒன்றுக்கு இரண்டு என்ற பொருத்தம் உடைந்துவிடும். அக்கா எவ்வளவு இழுத்தும் தொட்டில் சாயவில்லை. ஏழு தொட்டிலுக்கும் அதேபோல் பார்த்துச் செய், பிள்ளைகள் பெருக்கப் பெருக்க வந்து பார் என்று கிராணி சொன்னார். துரைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று எழுந்து போய்விட்டார்.

குழந்தையின் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். என் கையாலேயே என் பிள்ளைக்குச் செய்துவிட்டேனே என்றாள். அக்கா அவளிடமிருந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, புள்ளைக்கு நல்லதுன்னுதானே வச்ச என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். இதை எழுதவேண்டும், விரிவுரையாளரிடம் காட்டவேண்டும், உலகத்தில் எத்தனை தொட்டில்கள் இப்படி யாருக்கும் தெரியாமல் சாய்ந்திருக்கும், எத்தனை ஆயாக்களுக்குத் திட்டு விழுந்திருக்கும் என்று தலைகால் புரியாமல் பொரிந்து தள்ளினேன். அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்து, குழவியைக் கழுவி அம்மிமேல் வைத்தாள். அரிசியைப் பையிலிருந்து டின்னில் கொட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அந்த இரும்பு அங்க இல்லன்னா, உன் கணக்கு வரலன்னா, நீ என்னை நம்பியிருப்பியா?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தெரியவில்லை அக்கா என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, ஒரு பிடி அரிசியைக் கூடுதலாகப் போட்டு உலையை ஏற்றினாள்.